தாளம் தப்பினால் தப்பட்டும்

எண்பது வயதைத் தாண்டியவர் ஒரு வீட்டில் இருந்தால், அவருடைய நாடியைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். டாக்டராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பிளஸ் டூ படிக்கும் பேத்தி போதும். தாத்தாவின் உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பிக்கொள்ளுங்கள். கட்டைவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டு ஓரமாக ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அங்கே மூன்று விரல்களை வையுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதிலுள்ள உங்கள் துடிப்பே உங்களை ஏமாற்றிவிடும். ரொம்ப அழுத்தாமல், கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்காகத் துடிக்கும் நாடிக்குத்தான் சரிப்படும். எண்ணிக்கையைவிட முக்கியம், துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. அங்கங்கே ஒன்று தவறினால் பெரும்பாலும் பயமில்லை, அந்த வயதில் அது சகஜம். மூன்று அவசரமாக, ஒன்று தாமதமாக, இரண்டு விரலுக்கே எட்டாமல், மறுபடி ஒன்று தடாலென்று, எந்தக் கணக்குக்கும் அடங்காமல் வந்தால், அன்றைக்கே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும்.

எனக்கு வயது 83. அரசு மருத்துவமனையில் பல வருடம், ஓய்வுக்குப் பிறகு ஊரில் சின்னதாக ஒரு கிளினிக்கில் சில வருடம் என்று பொது மருத்துவம் பார்த்தவன். இப்போது என் நாடியே அந்த ரகம்தான். டாக்டர் நாற்காலியிலும் நோயாளி ஸ்டூலிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டதால், புதிதாக வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கும் பிள்ளைகளுக்கும், கையில் ஃபைலோடு தாத்தா பாட்டியை அழைத்துவரும் பேரன் பேத்திகளுக்கும் சிலது சொல்லத் தோன்றுகிறது. அட்வைஸ் பிடிக்காதவர்கள், கிழவன் பொழுது போகாமல் பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

நோயின் பெயர் ஆட்ரியல் ஃபிப்ரிலேஷன். ரிப்போர்ட்டில் ஏ.எஃப். என்று இரண்டே எழுத்தில் இருக்கும். இதயத்தின் மேலறைகள் இரண்டும் சுருங்கி விரியும் வேலையை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 300-க்கு மேல் தாறுமாறான மின்தூண்டல்கள் அங்கே கிளம்புகின்றன. நடுவிலுள்ள ஒரு கணு அவற்றை வடிகட்டி அனுப்புவதால்தான் கீழறைகள் பிழைத்துக்கொள்கின்றன. ரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது என்று காரணங்கள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே வயது. அமெரிக்காவில் 2001-ல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், 55 வயதுக்குக் கீழே ஆயிரத்தில் ஒருவருக்கு இது இருந்தது. 80 வயதைத் தொட்டவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு இருந்தது.

இளைஞனுக்கு இது வந்தால் நெஞ்சு படபடக்கிறது என்று ஓடி வருவான். 85 வயதுக்காரர் அப்படி வருவதில்லை. “நாலு படி ஏறினா மூச்சு வாங்குது”, “கோயிலுக்குப் போக மனசே வரல”, “சாப்பாடு இறங்க மாட்டேங்குது” என்று வேறு எதையோ சொல்வார். வீட்டில் உள்ளவர்கள் “வயசாச்சுல்ல” என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை நோய்கள் பத்திரமாக ஒளிந்து வாழ்ந்திருக்கின்றன என்பதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஒருநாள் காலையில் வாய் கோணி, வலது கை தூக்க வராமல் எழுந்திருப்பார். நோய் அப்போதுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

அதனால் பிள்ளைகளே, முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்கப் பழகுங்கள். கரேல் வெங்கபாக் என்ற டச்சு மருத்துவர் இதயத் துடிப்புக் கோளாறுகளை ஆராய்ந்தவர்களில் பெரிய ஆள். 1914-ல் எழுதிய நூலில் அவர் ஒரு வியாபாரியைப் பற்றிச் சொல்கிறார். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்துவிட்டு வந்தவர் அந்த வியாபாரி. நாடி தாறுமாறாக இருந்தது. இதை நிறுத்தத் தன்னிடம் வழியில்லை என்று டாக்டர் கைவிரித்தார். என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போன நோயாளி, மறுநாள் காலை ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார். மலேரியாவுக்குச் சாப்பிடும் கொய்னாவை விழுங்கியிருக்கிறார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் 1918-ல் குவினிடின் என்ற மருந்து பயனுக்கு வந்தது. இன்று இந்த நோய்க்கு அதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. ஆனால் நோயாளி சொன்னதைச் சிரித்து ஒதுக்காமல் அந்த டாக்டர் மறுநாள் வரைக்கும் காத்திருந்தாரே, அந்தக் குணத்துக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

சரி, தாறுமாறாகத் துடிப்பதை நேராக்க வேண்டாமா? இளம் டாக்டருக்குக் கை துறுதுறுக்கும். ஈ.சி.ஜி. கோணலாக இருந்தால் நிமிர்த்தினால்தான் தூக்கம் வரும். ஷாக் கொடுத்து நேராக்கலாம். மருந்து கொடுத்து நேராக்கலாம். கதீட்டர் வழியாகப் போய் உள்ளே சுட்டுவிட்டும் வரலாம். எல்லாமே நல்ல வைத்தியம்தான், ஆள் யார் என்பதைப் பொறுத்து. 2002-ல் வெளிவந்த அஃபர்ம் என்ற ஆய்வில் 4,060 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் துடிப்பை நேராக்க முயன்றார்கள். மற்றவர்களுக்கு அது கோணலாகவே இருக்கட்டும் என்று விட்டு, வேகத்தை மட்டும் குறைத்தார்கள். நேராக்கப்பட்டவர்கள் கூடுதலாக ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அதிகம் அலைந்தது அவர்கள்தான். வேகத்தை எவ்வளவு குறைப்பது என்பதிலும் எங்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது, 80-க்குக் கீழே வந்தே தீர வேண்டும் என்று. 2010-ல் நெதர்லாந்துக்காரர்கள் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது 110-க்குக் கீழே இருந்தாலே போதும், விரட்டி விரட்டிக் குறைத்ததில் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது.

2020-ல் ஜெர்மனி தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று, நோய் புதிதாகத் தொடங்கியவர்களுக்குச் சீக்கிரமே துடிப்பை நேராக்கினால் நன்மை உண்டு என்று காட்டியது. அதை நான் மறுக்கவில்லை. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 70. அறுபதிலும் எழுபதிலும் இருப்பவர்களுக்கு அந்த வழியைத் தாராளமாக யோசியுங்கள். 88 வயதில், 45 கிலோ எடையில், ஏற்கெனவே எட்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு அதை அப்படியே நீட்டாதீர்கள். அமியோடரோன் என்ற மாத்திரை துடிப்பை நேராக்கும். கூடவே தைராய்டைக் கெடுக்கலாம், நுரையீரலைத் தழும்பாக்கலாம், நாடியை நாற்பதுக்கு இறக்கி ஆளைக் குளியலறையில் சாய்க்கலாம். நிறுத்தினாலும் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்காமல், கால் வீங்காமல், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் கிழவருக்குத் தாளம் தப்பினால் தப்பட்டும். கச்சேரி நடந்துகொண்டிருக்கிறதல்லவா, அது போதும்.

வேகம் குறைக்கப் பெரும்பாலும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. சிலருக்கு டிகாக்ஸின். 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு பூச்செடியின் இலையிலிருந்து இதயத்துக்கான வைத்தியத்தை விளக்கி எழுதினார், அதன் வாரிசு இது. நம் ஊர் மஞ்சள் அரளி விதையில் இருக்கும் விஷமும் இதே குடும்பம்தான் என்று சொன்னால், ஏன் அளவில் இவ்வளவு கவனம் என்பது புரியும். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு வழக்கமான அளவே அதிகமாகிவிடும். அதன் முதல் அடையாளம் பசி போவதும் குமட்டலும். டிகாக்ஸின் சாப்பிடும் பாட்டி சோற்றைத் தள்ளிவைத்தால், ரசம் சரியில்லை என்று மருமகளைக் கோபிக்கும் முன் மாத்திரையைச் சந்தேகப்படுங்கள்.

வேகம் ஒரேயடியாகக் குறைவதும் உண்டு. சிலருக்கு ஒரு நேரம் 140, இன்னொரு நேரம் 35 என்று ஏறி இறங்கும். வேகத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தால் மயங்கி விழுவார், கொடுக்காவிட்டால் மூச்சு வாங்கும். இவர்களுக்கு பேஸ்மேக்கர்தான் வழி. “இந்த வயசுல ஆபரேஷனா?” என்று கேட்கும் மகன்களுக்கு நான் ஸ்வீடன்காரர் ஆர்னே லார்ஸனின் கதையைச் சொல்வேன். உலகத்தில் முதன்முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர் அவர், 1958 அக்டோபரில், 43 வயதில். ருனே எல்ம்குவிஸ்ட் செய்த கருவியை ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர் பொருத்தினார். முதல் கருவி சில மணி நேரத்திலேயே படுத்துவிட்டது. மாற்றி மாற்றி வாழ்நாளில் 26 கருவிகள் வரை போனது. செய்தவரும் பொருத்தியவரும் காலமான பிறகும் இருந்து, 2001-ல் தம் 86-வது வயதில்தான் இறந்தார், அதுவும் வேறு நோயால். இன்றைக்கு அது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சின்ன வேலை. தொண்ணூறு வயது அதற்குத் தடையில்லை.

துடிப்பு நேராக இருக்கிறதா என்ற கவலையை விடலாம் என்றேன். விடவே கூடாதது ஒன்று இருக்கிறது, ரத்தக்கட்டி. இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பை தொங்குகிறது. மேலறை சுருங்காமல் நடுங்கும்போது அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறையும். வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்குக் கட்டி உருவானால் பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான். அது பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரத்தில் பல்லாண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1991-ல் சொன்ன கணக்குப்படி, ஏ.எஃப். இருந்தால் பக்கவாத அபாயம் ஐந்து மடங்கு. ஐம்பதுகளில் வரும் பக்கவாதங்களில் நூற்றுக்கு ஒன்றரைதான் இதனால் வருவது. எண்பதுகளில் அது நூற்றுக்கு 23-க்கும் மேலே போகிறது.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தடுமாறும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எழுதினால், “போற வயசுல எனக்கு எதுக்குத் தம்பி இதெல்லாம்? வர்ற நாள் வரட்டும்” என்பார் பெரியவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் சொல்லும் பதில் இது: “ஐயா, இந்த மாத்திரை சாவைத் தடுக்கறதுக்கு இல்லை. பக்கவாதம் உங்களைக் கொண்டுபோயிடும்னு நினைக்கிறீங்க. பல பேரைக் கொண்டுபோறதில்லை, கட்டில்ல போட்டுட்டுப் போயிடும். பேச்சு வராம, முதுகு புண்ணாகி, மூக்குல குழாயோட மூணு வருஷம். அதைத் தடுக்கத்தான் மாத்திரை.” இதைச் சொன்ன பிறகு வேண்டாம் என்றவர்கள் குறைவு. வேண்டாம் என்றால், அது விவரம் தெரிந்து எடுத்த முடிவு. மதிக்க வேண்டும்.

அடுத்த சமாதானம் ஆஸ்பிரின். வயதானவர்தானே, பாதுகாப்பாக ஒரு சின்ன ஆஸ்பிரின் போதும் என்று எழுதுவது பல காலம் எங்கள் பழக்கமாக இருந்தது. 2007-ல் இங்கிலாந்தில் 75 வயதைக் கடந்த 973 பேரிடம் நடந்த ஆய்வு அதை உடைத்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்தான வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 1.8 பேருக்குப் பெரிய பக்கவாதம் போன்ற ஆபத்து. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 3.8. பெரிய ரத்தக்கசிவு இரு பக்கமும் ஏறக்குறைய சமம். அதாவது ஆஸ்பிரின் காப்பதும் இல்லை, பாதுகாப்பானதும் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு. அதை இதய மருத்துவரிடம் விடுங்கள்.

“அப்பா அடிக்கடி விழறாரு டாக்டர், தலையில அடிபட்டா?” என்பது அதற்கடுத்தது. நியாயமான பயம். 1999-ல் கனடா ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். சராசரி பக்கவாத அபாயம் உள்ள முதியவர் ஒருவர் வருடத்தில் ஏறத்தாழ 295 முறை விழுந்தால்தான் வார்ஃபரினின் தீமை நன்மையை மிஞ்சும் என்று வந்தது. ஊகங்களின் மேல் கட்டிய கணக்கு, அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் பயம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அது காட்டிவிடுகிறது. மாத்திரையை நிறுத்துவதற்குப் பதிலாக விழுவதை நிறுத்துங்கள். கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் இரவு விளக்கு, குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, கண்புரை ஆபரேஷன், நடு ராத்திரியில் தள்ளாட வைக்கும் தூக்க மாத்திரைக்கு ஒரு கும்பிடு.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது 2020-ல் ஜப்பானில் முடிந்த ஆய்வு. வழக்கமாக மருந்து ஆய்வுகளில் எங்களைப் போன்ற நோஞ்சான் கிழங்களைச் சேர்க்கவே மாட்டார்கள். சிறுநீரகம் சரியில்லை, எடை இல்லை, முன்பே ரத்தக்கசிவு என்று ஏதாவது சொல்லிக் கழித்துவிடுவார்கள். இவர்கள் அப்படிக் கழிக்கப்பட்டவர்களையே தேடிச் சேர்த்தார்கள். 984 பேர், எல்லோரும் 80 தாண்டியவர்கள், சராசரி வயது 86-க்கு மேல். ரத்தம் உறையாமல் தடுக்கும் எடாக்ஸபான் என்ற புதிய மருந்தை வழக்கமான 60 மில்லிகிராமுக்குப் பதில் வெறும் 15 கொடுத்தார்கள். மருந்தில்லாதவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 6.7 பேருக்குப் பக்கவாதம் முதலான ஆபத்து வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 2.3. ரத்தக்கசிவு கூடத்தான் செய்தது, குறிப்பாக வயிற்றில். இறந்தவர்கள் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவரிடம் நான் சொன்னதை இது அப்படியே காட்டுகிறது: நாள் கூடவில்லை, படுக்கை குறைந்தது.

நம் ஊரில் 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பேராசிரியர் வி. எஸ். நடராஜன் முதியோருக்குத் தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கினார். 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பே வந்தது. கிழவர் என்பவர் வயது கூடிய இளைஞர் இல்லை, வேறொரு உடம்பு என்பதுதான் அந்தப் படிப்பின் சாரம்.

வேறொரு உடம்பு என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், நோட்டில் போட்டுப் பாருங்கள். அதே 88 வயது, 45 கிலோ பாட்டி. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.0. லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சடித்திருக்கும், பேரன் நிம்மதியாக ஃபைலை மூடுவான். இப்போது 140-லிருந்து வயதைக் கழியுங்கள்: 52. அதை எடையால் பெருக்குங்கள்: 2,340. கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி, அதால் வகுங்கள்: 32.5. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 27-சொச்சம். இளம் வயதில் நூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சிறுநீரக வேகம் கால்வாசிக்கு வந்துவிட்டது. தசை கரைந்துபோனதால் கிரியாட்டினின் உயரவில்லை, அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் டபிகட்ரான் என்ற மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, இந்தப் பாட்டிக்கு அது ஆகாது. அதே வேலையைச் செய்யும் அபிக்ஸபான் என்றால் தினம் இரண்டு வேளை 5 மில்லிகிராம்தான் வழக்கமான அளவு. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு பொருந்தினால் 2.5 ஆகக் குறைக்க வேண்டும். பாட்டிக்கு இரண்டு பொருந்துகிறது. பக்கத்து வீட்டு 82 வயதுத் தாத்தாவுக்கு, 70 கிலோ, கிரியாட்டினின் 1.1, வயது ஒன்றுதான் பொருந்தும். வயதானவர் என்ற இரக்கத்தில் அவருக்கும் பாதி அளவு எழுதும் டாக்டர்கள் நிறைய. மாத்திரைக்குச் செலவு செய்தும் முழுப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். எடை பார்க்காமல் இந்த மருந்தை எழுதாதீர்கள், கிளினிக் மூலையில் ஒரு எடை மெஷின் இருக்கட்டும்.

புதிய மருந்துதான் நல்லது என்ற வேகமும் வேண்டாம். 2023-ல் நெதர்லாந்திலிருந்து ஒரு முடிவு வந்தது. வார்ஃபரின் வகைப் பழைய மருந்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த, தளர்ந்த முதியவர்களைப் புதிய மருந்துக்கு மாற்றியபோது ரத்தக்கசிவு கூடியது. அதே வகை அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிட்டு, ரத்தம் உறையும் அளவைக் காட்டும் ஐ.என்.ஆர். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கும் 87 வயதுக்காரரை, நாகரிகத்துக்காக மாற்றாதீர்கள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிய பெரியம்மாக்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய மருந்தே மேல் என்று 2022-ல் பல நாடுகளில் நடந்த ஆய்வு தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி வீட்டு வேலை. டாக்டர் மூன்று நிமிடம் பார்ப்பார், மீதி வருடம் முழுக்க நீங்கள்தான். டபிகட்ரான் கேப்ஸ்யூலை விழுங்க முடியவில்லை என்று பிரித்துக் கொட்டித் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார்கள். கூடவே கூடாது, மருந்து முக்கால் பங்கு கூடுதலாக ரத்தத்தில் ஏறிவிடும். அபிக்ஸபானைப் பொடித்துக் கொடுக்கலாம். இன்னொரு புதிய மருந்தான ரிவராக்ஸபானை இந்த நோய்க்குச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். ஏகாதசி, சஷ்டி என்று பாட்டி விரதம் இருந்து வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து சரியாகச் சேராது. பாட்டியிடம் விரதத்தை விடச் சொல்லிச் சண்டை போடுவதைவிட, பலகாரம் சாப்பிடும் நேரத்துக்கு மாத்திரையை மாற்றிக்கொள்வது எளிது. அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு வாரம் ஏழு நாள், அடுத்த வாரம் பூஜ்யம் என்று போனால் ஐ.என்.ஆர். ஆடும். புது மருந்துகளுக்குக் கீரைக் கட்டுப்பாடே கிடையாது.

பெரிய எதிரி மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் மூட்டுவலி மாத்திரை. ரத்தம் உறையாத மருந்தோடு அது சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகிக் கசியும், சிறுநீரகமும் படுக்கும். மலம் தார் மாதிரிக் கறுத்தால் இரும்புச் சத்து மாத்திரை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் ஓடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், மேலே தைலம். நாட்டு மருந்து சாப்பிடுவதாக இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுகிற டாக்டரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆகவே திட்டாதீர்கள். பல் பிடுங்கப் போகும்போது, யாரையும் கேட்காமல் ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்துவது இன்னொரு பழக்கம். ஒரு பல்லுக்கு நிறுத்தவே தேவைப்படாமல் போகலாம், எழுதிய டாக்டரிடம் ஒரு போன் போதும். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசி மாத்திரை எப்போது சாப்பிட்டார் என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று.

நிறுத்தும் காலமும் வரும். அதைப் பேச எங்கள் தலைமுறை டாக்டர்கள் கூச்சப்பட்டார்கள். நீங்கள் பேசுங்கள். நினைவு முற்றிலும் மங்கி, படுக்கையோடு ஒன்றி, ஒரு வாய் கஞ்சி இறங்குவதே பாடாகிவிட்டவருக்கு, பத்து வருடக் கணக்கைப் பார்த்து எழுதிய மாத்திரைகளை வாயைப் பிளந்து திணிப்பதில் அர்த்தமில்லை. என் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு 93 வயது, புற்றுநோய் முற்றிய நிலை. மகன் ஒவ்வொரு மாத்திரையாக எடுத்துக் காட்டி, “இது வேணுமா, இது?” என்று கேட்டான். கொழுப்பு மாத்திரையை நிறுத்தினோம், பிறகு ரத்தம் உறையாத மாத்திரையை. மூச்சு வாங்காமல் இருக்க உதவியதையும் வலி மாத்திரையையும் மட்டும் வைத்துக்கொண்டோம். “நிறுத்தினது நானாகிடுவேனே” என்று அவன் தயங்கினான். சீட்டில் நிறுத்தியது நான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பாரத்தை டாக்டர்தான் சுமக்க வேண்டும், பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது.

எனக்கான காகிதத்தையும் எழுதி மகளிடம் கொடுத்துவிட்டேன். எந்த நிலையில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எப்போது ஆஸ்பத்திரி வேண்டாம் என்றெல்லாம் நம்பர் போட்டு எழுதியிருந்தேன். அவள் முழுவதையும் படித்தாள், கண்கூடக் கலங்கவில்லை. “இதெல்லாம் இருக்கட்டும்ப்பா. சிறுநீரக வேகத்தைப் பத்தால வகுத்தா எத்தனை மாசம் வருதோ, அத்தனை மாசத்துக்கு ஒருதடவை கிரியாட்டினின் பார்க்கணும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க? உங்களுக்கு நாப்பத்தஞ்சு. கடைசியா எப்ப பார்த்தீங்க?” என்றாள். நாலரை மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. நாளைக் காலை லேபுக்குப் போகிறேன். அந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, காபி குடித்துவிட்டே போகலாம்.